நாற்பது செக்கன் தமிழ்

எனக்குப் பிரியாவிடை விருந்து வைத்த அன்றே ஒரு வாய்த்தர்க்கம் பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என் வாய் அப்படித்தான். ஓய்வுபெறுகிற நாளில் மட்டும் திருந்திவிடுமோ?

கேக் வெட்டி முடிந்து எல்லாரும் தட்டும் கையுமாக நின்றபோது திவ்யா பக்கத்தில் வந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. மெல்பேணில் சட்டம் படித்துவிட்டு, சிட்னியில் எங்கள் அலுவலகத்தில் சட்டத்தரணியாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நல்ல கெட்டிக்காரி, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"ஆன்ட்டி, நீங்க எல்லாம் ஹியரிங் ரெக்கார்டிங்க வாரக்கணக்குல ஹெட்போன்ல கேட்டு டைப் பண்ணுவீங்களாமே? இப்ப கம்ப்யூட்டர்ல போட்டா பத்து நிமிஷத்துல வந்துடுது. தமிழ்ல பேசினதும் சேர்த்து மொத்தமும் இங்கிலீஷ்லயே வந்துடுது. படிக்கவே சுகமா இருக்கு!"

"தமிழிலை கதைச்சதும் இங்கிலிசிலை வருமோ?"

"ஆமா ஆன்ட்டி. யாரு எந்த மொழியில பேசினாங்கன்னே தெரியாது. அவ்ளோ சுத்தமா இருக்கும்."

"கோதாரி! அதைத்தானே பிள்ளை நான் செய்து, ஒரு மனுசன்ரை வழக்கைக் கவிழ்க்கப் பாத்தனான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. இரண்டு கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருத்தி, முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, இத எழுதி வைங்க" என்றாள். இப்போது மல்கிரேவில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், நேரம் கொட்டிக் கிடக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தரணிக்கு வழக்குக் கட்டு ஒழுங்குபண்ணிக் கொடுக்கிற ஆள், பரலீகல் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் படித்தேன். கலியாணம் முடித்துச் சிட்னிக்கு வந்து இரண்டு வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் நின்றேன். பின்னேர வகுப்புக்குப் போய் மொழிபெயர்ப்புச் சான்றிதழ் எடுத்தேன். என் படிப்பு அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் மோரீனிடம் படித்தது.

மோரீன் எங்கள் அலுவலகத்தை நடத்திய சட்டத்தரணி. பரமற்றாவில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை, அதுதான் அலுவலகம். அகதி வழக்குகள் மட்டும்தான் எடுப்பார். நெடுத்த மனுசி, தலைமயிரை ஒரு பென்சிலால் கொண்டை போட்டிருப்பார். மத்தியானச் சாப்பாடு என்றால் ஓர் அவித்த முட்டை. அதையும் வழக்குக் கட்டின் மேலேயே வைத்து உரிப்பார். எனக்கு அது பிடிக்காது, சொல்லியும் இருக்கிறேன். முட்டைக் கோதை ஊதித் தள்ளிவிட்டுத் தொடர்ந்து வாசிப்பார். என் முழுப்பேர் யோகராணி. அவருக்கு அது வாயில் வரவில்லை, யோகா என்று கூப்பிடுவார். யாராவது சிரித்தால் அவர்களை ஒரு பார்வை பார்ப்பார்.

ஒரு வழக்காளியைப் பற்றி "பாவம்" என்று அவர் வாயால் ஒருநாளும் கேட்டதில்லை. நான் சேர்ந்த புதிதில், "மோரீன், விசாரணையில் இந்த மனுசனை மிக மோசமாக நடத்தியிருக்கிறார்கள்" என்று கலங்கிப்போய்ச் சொன்னேன். பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு, "எத்தனையாவது நிமிடம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து நிமிடத்தைக் குறிக்கப் பழகினேன்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவது விளங்காது. அகதி விண்ணப்பத்தை முதலில் குடிவரவுத் திணைக்களம் நிராகரிக்கும். பிறகு அந்த முடிவை மறுபடி பார்க்கிற ட்ரிபியூனல். அங்கே விசாரிக்கிறவரை மெம்பர் என்பார்கள். அவர் ஆளை நேரில் கேட்டு, நம்புகிறேன், நம்பவில்லை என்று எழுதுவார். நம்பவில்லை என்று எழுதிவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம், முப்பத்தைந்து நாளுக்குள். ஆனால் நீதிபதி அந்த ஆள் சொன்னது மெய்யா பொய்யா என்று பார்க்க மாட்டார். மெம்பர் அந்த முடிவுக்கு வந்த வழி சட்டப்படி சரியா என்றுதான் பார்ப்பார். கேட்க வேண்டியதைக் கேட்டாரா, சொன்னதைக் காதில் போட்டாரா, ஒன்றுக்கும் ஆதாரமில்லாமல் எழுதினாரா, அவ்வளவுதான்.

இதை எங்கள் ஆட்களுக்குச் சொல்லி விளங்கவைப்பதற்குள் என் உயிர் போய் வரும். கோயில் ஐயரின் கடிதம், ஊரிலிருந்து பாதிரியாரின் கடிதம், காயத்தின் படம் என்று ஒரு சூட்கேஸ் நிறையக் கொண்டு வருவார்கள். "இது ஒண்டும் இனி எடுபடாது அண்ணை" என்று சொன்னால் எனக்குத்தான் பேச்சு விழும். "நீங்களும் தமிழ்தானே" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

தோற்ற வழக்கையும் சொல்லாமல் விட்டால் இது புளுகாகிவிடும். வில்லாவுட் தடுப்பு முகாமில் ஒருவர் இருந்தார், மன்னார்ப் பக்கத்து மீன்பிடிக்காரர். அவருடைய விசாரணைப் பதிவை மூன்று தரம் கேட்டேன். மெம்பர் மரியாதையாகக் கேட்டிருந்தார், எல்லாவற்றையும் கேட்டிருந்தார், பதிலைக் கவனமாகக் கேட்டுக் குறித்திருந்தார். கடைசியில் நம்பவில்லை. நான் அந்த மனுசனை நூற்றுக்கு நூறு நம்பினேன். ஒழுங்குமுறையோடு நம்பாமல் விட்டால் அதற்கு எங்களிடம் மருந்து இல்லை. முகாமின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதைச் சொன்னது நான்தான். அன்றைக்குக் கார் நிறுத்துமிடத்தில் இருந்து நன்றாக அழுதேன்.

அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு தாசன் வந்தான்.

முழுப்பேர் குகதாசன், வவுனியாப் பக்கம். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். முகாமிலிருந்து வெளியே விடப்பட்டு, வென்ட்வேர்த்வில்லில் நாலு பேரோடு ஒரு வீட்டில் இருந்தான். கார் ரயர் மாற்றுகிற கடையில் வேலை. சம்பவம் இதுதான்: அவனுடைய அண்ணனை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுப்போட்டுப் போய்விட்டார்கள். சுட்டது இன்னார் என்று எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வைத்தால் மரணச் சான்றிதழ் தருவோம் என்று பொலிசார் தாயிடம் சொல்லியிருக்கிறார்கள். தன் கண்ணால் கண்டது வேறு ஆட்களை என்று அந்த மனுசி மறுத்துவிட்டா. சான்றிதழும் கிடைக்கவில்லை. பிறகு தம்பியைத் தேடி வந்தார்கள், பிடித்தார்கள், அடித்தார்கள். அவன் தப்பி வந்தான்.

ட்ரிபியூனல் அவனை நம்பவில்லை. காரணம் அண்ணன் செத்த திகதி. முதல் நேர்காணலில் ஜூலைக் கடைசி என்றிருக்கிறான். அடுத்த வருடம் கொடுத்த வாக்குமூலத்தில் ஓகஸ்ட் நடுப்பகுதி. அதற்கடுத்த வருடம் மெம்பருக்கு முன்னால் ஓகஸ்ட் முதல் கிழமை. மூன்று இடத்தில் மூன்று திகதி. "இதைப்பற்றிக் கேட்டபோது விண்ணப்பதாரர் விளக்கம் எதுவும் தரவில்லை. சகோதரர் கொல்லப்பட்டார் என்பதை நான் ஏற்கவில்லை" என்று எழுதியிருந்தது. அண்ணன் சாகவில்லை என்றால் தேடியது பொய், பிடித்தது பொய், அடித்தது பொய். அடிக்கல்லை உருவினால் மதில் முழுக்க விழுகிற மாதிரி எல்லாம் விழுந்தது.

அதைத் தமிழில் சொன்னபோது அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, என்னைத் திருப்பி அனுப்பினா அனுப்பட்டும். ஆனா அண்ணை செத்ததை ஏற்கேல்லை எண்டு எப்பிடி அக்கா எழுதுவினம்? அப்ப அம்மா இவ்வளவு நாளும் ஆருக்கு அழுதவ?"

"பொறும் தம்பி, முதல்லை பதிவைக் கேப்பம்" என்றேன்.

மோரீனிடம் ஒரு கட்டாயமான ஒழுங்கு இருந்தது. தீர்ப்பை வாசிப்பதற்கு முன் பதிவைக் கேட்க வேண்டும். தீர்ப்பை முதலில் வாசித்தால் மெம்பரின் காதால்தான் கேட்போம் என்பார். தாசன் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்ததால் அந்த ஒழுங்கு அன்றைக்குக் குழம்பிவிட்டது. ஆனாலும் பதிவு இருந்த இரண்டு டிஸ்கையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் இருந்தேன். மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே. காலால் மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும், அப்படி ஒரு பெடல் மேசைக்குக் கீழே இருக்கும். மூன்று தரம் முழுக்கக் கேட்டு, ஆங்கிலத்தில் தட்டச்சுப் பண்ணினேன்.

திகதியைப் பற்றிய இடம் வந்தது. மெம்பர் கேட்கிறார். தாசன் தமிழில் வடிவாக விளங்கப்படுத்துகிறான். அண்ணன் செத்தது ஆடியமாவாசை கழிந்து மூன்றாம் நாள். வருடா வருடம் செய்கிற நினைவுத் துவசத்தைத் திதிப்படிதான் செய்கிறோம், இங்கிலிஸ் திகதி வருடத்துக்கு வருடம் மாறும், கேட்ட வருடத்தில் துவசம் வந்த நாளைத்தான் சொன்னேன் என்கிறான். எங்கள் சனத்துக்கு இதில் என்ன புதினம்? என் அப்பா இறந்த நாளை என்னிடம் கேட்டால் நானும் திதியைத்தான் சொல்லுவேன். விளக்கத்தைத் தட்டச்சுப் பண்ணிவிட்டு, "இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் விளக்கம் தரவில்லை என்று எழுதியிருக்கிறாரே" என்று மெம்பரைத் திட்டிக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போனேன். அந்தப் பிரதியைச் சரியானது என்று சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தேன். அது நீதிமன்றத்துக்கும் போய்விட்டது.

வழக்குக்கு இரண்டு கிழமை இருக்க, மோரீன் என் பிரதியை வைத்துக்கொண்டு பதிவைத் தானும் கேட்டார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வழக்கிலும் கேட்பார். தமிழ் ஓடுகிற நேரத்தில் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது அவருடைய ஏதோ பழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"யோகா, இங்கே வா. முதல் டிஸ்க், எழுபத்திரண்டாவது நிமிடம்."

போனேன்.

"இந்த இடத்தில் உன் பிரதியில் ஏழு வரி ஆங்கிலம் இருக்கிறது. அது யாருடைய குரல்?"

"தாசன் சொன்னது."

"தாசன் ஆங்கிலத்தில் சொன்னானா?"

"இல்லை. தமிழில் சொன்னான். மொழிபெயர்ப்பாளர்…" என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அவர் பதிவைத் திரும்ப ஓடவிட்டார். தாசன் நாற்பது செக்கன் தமிழில் கதைக்கிறான். பிறகு மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில், "அவர் சொல்கிறார், அந்த நினைவு நாள்…" என்று தொடங்குகிறார். மெம்பர் குறுக்கே, "சரி, நன்றி. திகதிகள் என்னிடம் இருக்கின்றன. அதற்கு நான் பிறகு வருகிறேன். இப்போது கைதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்கிறார். அவ்வளவுதான். பிறகு கடைசி வரைக்கும் அவர் அதற்கு வரவேயில்லை. தமிழ் எவ்வளவு நேரம், ஆங்கிலம் எவ்வளவு நேரம் என்று மணிக்கூட்டில் அளந்துதான் மோரீன் இதைப் பிடித்திருக்கிறார்.

மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் எனக்குப் பிடிபடவில்லை. ஏனென்றால் எனக்குத் தமிழ் தெரியும்! தாசன் சொன்னது எனக்கு விளங்கியது, ஆகவே அந்த அறையில் எல்லாருக்கும் விளங்கியிருக்கும் என்று என் மண்டை தானாக முடிவுகட்டிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்து நாலு சொல் சொன்னதும், மிச்சத்தை நானே ஆங்கிலமாக்கி நிரப்பிவிட்டேன். தமிழ் தெரியாத ஒருத்தி இந்தப் பிழையை விடமாட்டாள். தெரிந்தவள்தான் விடுவாள்.

அதைவிடக் கொடுமை என்னவென்றால், என் பிரதியை வாசிக்கிற நீதிபதிக்கு, தாசனின் விளக்கம் மெம்பருக்கு ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் தெரியும். கேட்டார், யோசித்தார், ஏற்கவில்லை என்று ஆகிவிடும். உண்மையில் அந்த மனுசன் கேட்கவே இல்லை. தாசனின் முழு வழக்கும் அந்த இடத்தில்தான் இருந்தது. அதை என் கையாலேயே மூடிவைத்திருந்தேன்.

"என்னை வேலையாலை நிப்பாட்டுங்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன். மோரீன் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

"புதிய சத்தியக் கடதாசி. முதலில் என்ன செய்தாய், ஏன் செய்தாய், இப்போது என்ன செய்தாய். ஒன்றையும் பூசி மெழுகாதே." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன்னைக் கூண்டில் ஏற்றுவார்கள்" என்றார்.

அப்படியே நடந்தது. சட்டத்தரணியின் ஆளே, அதுவும் தமிழ்ப் பெண், வழக்குக்குச் சற்று முன்னால் பிரதியை மாற்றுகிறாள், மாற்றம் தங்கள் வழக்காளிக்கு வாய்ப்பாகவும் இருக்கிறது. அரசாங்கப் பக்கத்தார் சும்மா விடுவார்களா? என்னைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். இனிமேல் நீதிபதி என்னை நம்பினால்தான் தாசனுக்கு வழி. நம்பாவிட்டால் அவன் விமானம் ஏற வேண்டியதுதான்.

இன்னொரு வேலையும் மோரீன் தந்தார். விளக்கம் போய்ச் சேர்ந்திருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும் என்பதையும் நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். கோயில் ஐயரிடம் போய் அந்த மூன்று வருடத்துப் பஞ்சாங்கமும் கேட்டேன். "பழைய பஞ்சாங்கத்தை ஆரம்மா தேடிறது?" என்று சிரித்துக்கொண்டே ஒரு காட்போட் பெட்டியைக் கிண்டி எடுத்துத் தந்தார். மேசையில் விரித்து விரலை வைத்துப் பார்த்தேன். முதலாவது வருடம் ஆடியமாவாசை கழிந்து மூன்றாம் நாள், ஜூலைக் கடைசி. இரண்டாவது வருடம், ஓகஸ்ட் நடு. மூன்றாவது வருடம், ஓகஸ்ட் முதல் கிழமை. மூன்றும் அச்சொட்டு! பொய் என்று சொன்ன மூன்று திகதியும் ஒரே நாள். நான் துள்ளிக் குதித்ததைப் பார்த்து ஐயர் பயந்துவிட்டார்.

வழக்கு நாள். நீதிபதி கொஞ்சம் வயதான பெண்மணி, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்தார். தாசன் பின்வரிசையில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கத்தில், இரவல் கோட்டுக்குள் இருந்தான். நான் கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணினேன். அரசாங்கத்துப் பாரிஸ்டர் சத்தம்போட்டு வெருட்டுகிற ஆள் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கூடுதல் பயம்.

"நீங்களும் இலங்கைத் தமிழர்தானே?"

"ஆம்."

"விண்ணப்பதாரர் வெல்ல வேண்டும் என்று விரும்புகிறீர்கள்."

"ஆம், விரும்புகிறேன்." மறைக்க என்ன இருக்கிறது?

"முதல் பிரதி சரியானது என்று சத்தியம் செய்தீர்கள்."

"செய்தேன்."

"அது பிழை."

"பிழைதான். என் பிழை."

"இப்போது இரண்டாவது பிரதி சரி என்றும் சத்தியம் செய்கிறீர்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு விதமாகச் சத்தியம் செய்த ஒருவரிடமிருந்து எதை நீதிமன்றம் நம்புவது?"

அவர் கேட்டு முடித்ததும் நீதிபதி கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார். பாரிஸ்டருக்கும் தான் என்ன சொன்னேன் என்று உறைத்திருக்க வேண்டும், காது சிவந்துவிட்டது. மூன்று திகதி சொன்னதற்காகத் தாசனை நம்பாமல் விட்டதும் இதே நியாயத்தில்தானே என்று சொல்ல எனக்கு வாய் துருதுருத்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று மோரீன் சொல்லி அனுப்பியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

"இரண்டாவதை நம்புங்கள்" என்றேன். "முதலாவதில் நான் கேட்டதை எழுதினேன். இரண்டாவதில் அந்த அறையில் இருந்தவர்களுக்குக் கேட்டதை எழுதியிருக்கிறேன்."

நீதிபதி பேனையை வைத்துவிட்டு, அந்தப் பகுதியை இங்கேயே ஓடவிட்டு, இந்த வழக்கோடு சம்பந்தமில்லாத நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்க்க இரண்டு பக்கமும் சம்மதமா என்று கேட்டார். சம்மதித்தார்கள். சிட்னி நடுவில், மரப்பலகை அடித்த அந்தப் பெரிய மண்டபத்தில், தாசனின் குரல் கேட்டது:

"ஐயா, அண்ணை செத்தது ஆடியமாவாசை கழிஞ்சு மூண்டாம் நாள். எங்கடை வீட்டிலை திதி பாத்துத்தான் துவசம் செய்யிறது. இங்கிலிஸ் திகதி ஒவ்வொரு வரியமும் மாறும் ஐயா. நீங்கள் கேட்ட வரியத்திலை அம்மா எப்ப துவசம் செய்தவவோ, அந்த நாளைத்தான் நான் சொன்னனான். மரணச் சான்றிதழ் தரேல்லை ஐயா, அதிலை பாத்துச் சொல்ல எனக்கு வேறை திகதி இல்லை."

நாற்பது செக்கன். மொழிபெயர்ப்பாளர் எழுந்து நின்று, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். என் இரண்டாவது பிரதியில், தமிழில் சொன்னது, மொழிபெயர்க்கப்படவில்லை என்று குறித்துப் போட்டிருந்ததும் அதுவேதான். அந்தச் சொற்கள் ஆங்கிலத்தில் ஒரு மண்டபத்தில் கேட்டது அதுதான் முதல் தரம். தாசன் தலையைக் குனிந்து இரவல் கோட்டின் கையால் முகத்தைத் துடைத்தான். கூண்டில் நின்றபடியே எனக்கும் கண் கலங்கிவிட்டது.

தீர்ப்பு வந்தது. தன் தரப்பு விளக்கத்தைச் சொல்ல விண்ணப்பதாரருக்கு உண்மையான வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை, விளக்கம் தரவில்லை என்று எழுதியதற்கு ஆதாரமில்லை, ட்ரிபியூனலின் முடிவு செல்லாது, வேறொரு மெம்பர் திரும்ப விசாரிக்க வேண்டும். நடுவில் ஒரு பந்தியில் என்னைப் பற்றி: சாட்சி தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்டார், கவனமானவர், அவருடைய சாட்சியத்தை ஏற்கிறேன். வாழ்க்கையில் எனக்கு ஒரு பரிசுக் கோப்பையும் கிடைத்ததில்லை. அந்தப் பந்தியைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். பெருமையோ என்று கேட்டால், ஓம், பெருமைதான், ஏன் பெருமைப்படக் கூடாது?

அதற்குப் பிறகு என் பிரதிகளை மூன்று நிரலாகப் போடத் தொடங்கினேன். ஒன்றில் நேரம், ஒன்றில் யாருடைய குரல், மற்றதில் அந்தக் குரல் சொன்னது அந்த மொழியிலேயே. தமிழ் தமிழெழுத்தில், மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம் அதற்குக் கீழே, சொல்லாமல் விட்ட இடம் வெறுமையாக. வெறும் இடத்தைப் பார்த்தவுடன் கண்ணில் குத்தும். வேறு அலுவலகங்களிலிருந்தும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அரபு, டாரி, பர்மிய மொழி வழக்குகளுக்கெல்லாம் அப்படியே போட்டார்கள்.

ஆனால் வென்ற அன்று தாசனின் முகத்தில் சந்தோசத்தைக் காணவில்லை.

"அப்ப அக்கா, அண்ணை செத்தவர் எண்டு நீதிபதி அம்மா நம்பிறாவோ?"

"இல்லைத் தம்பி. அவ அதைச் சொல்லேலாது. உம்மை வடிவாக் கேக்கேல்லை, திரும்பக் கேளுங்கோ எண்டுதான் சொல்லியிருக்கிறா."

"ஓ" என்றான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கூண்டில் நின்று கிழிபட்டது நான், வென்ற மனுசன் இப்படியா நிற்பது? போட்டு வாறன் அக்கா என்று படியிறங்கிப் போனான். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவன் தனக்காக மட்டும் கேட்கவில்லை.

அடுத்த விசாரணைக்கு மோரீனோடு நானும் போனேன். புதிய மெம்பர் ஓர் இளம் மனுசன். முதல் கேள்வியே, "உங்கள் அண்ணாவின் பெயர் என்ன?" என்பதுதான். தாசன் சொன்னான். எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டார். துவசத்தைப் பற்றிக் கேட்டார், பஞ்சாங்கத்தின் மூன்று பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாசன் கதைக்கிறபோது ஒரு தரமும் இடையில் வெட்டவில்லை. மொழிபெயர்ப்பாளர் முடிக்கும் வரை பேனையை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில கிழமைக்குப் பிறகு ஒரு மத்தியானம் முடிவு வந்தது. தாசன் ரயர் கடை உடுப்போடு ஓடி வந்தான், கையெல்லாம் கறுப்பு. மோரீன் கடைசிப் பக்கத்தைக் காட்டி, "வென்றுவிட்டாய், இங்கே இருக்கலாம்" என்றார். நான் தமிழில் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு, "அக்கா, அண்ணையைப் பற்றி என்ன எழுதியிருக்கு?" என்றான்.

தேடி எடுத்தேன், நடுவில் ஒரு பந்தி. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் போனை எடுத்துத் தாயை அழைத்துவிட்டான். அங்கே காலமை நேரம், சேவல் கூவுகிற சத்தம் கேட்டது. போனை மேசையில், தாளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அம்மா, கேஸ் வெண்டிட்டுது. இனி என்னை அனுப்பமாட்டினம்."

"சந்தோசம் மோனை. கடவுள் கண் திறந்திட்டார்."

"அம்மா, இன்னொண்டு. அண்ணையைச் சுட்டது உண்மையெண்டு எழுதித் தந்திருக்கினம்."

"அரசாங்கத் தாளிலையோ?"

"ஓமம்மா."

"அவன்ரை பேர் போட்டிருக்கோ?"

தாசன் என்னைப் பார்த்தான். நான் தாளைப் பார்த்தேன். "இருக்கம்மா, முழுப்பேரும் போட்டிருக்கு" என்று நானே சொன்னேன்.

"நீர் ஆர் பிள்ளை? எனக்கு அதை ஒருக்கா வாசிச்சுக் காட்டுமன்."

வாசித்தேன். விண்ணப்பதாரரின் சகோதரர் குகநேசன் தனது வீட்டு வாசலில், தாயாரின் கண் முன்னால், சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மோரீன் பாதி உரித்த முட்டையை மேசையில் வைத்துவிட்டார்.

"இன்னொருக்கா வாசியும் பிள்ளை" என்றா அந்த அம்மா.

இன்னொருக்கா வாசித்தேன்.